அக்காவுக்காக மாற்றிய சீட்

வாயால் சொல்ல வேண்டியதை ஸ்பானரால் சொல்லப் பார்த்தார் துளசிராமன். அந்த வினை அவரைச் சுற்றிச் சுற்றி அடித்தது.

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். கல்யாண சீர்வரிசைக்கு ஜனம் பெங்களூருக்கு ரயிலேறத் தொடங்கியபின் கடையில் ஈ ஓட்டும் நேரம் அதிகமாயிற்று. சும்மா இருப்பானேன் என்று பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, காஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி எல்லாம் வைத்து, ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். வாடகைக்குப் போகாத நாளில் அது வீட்டு வண்டி.

அதில் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் நீள சீட் ஒன்று இருந்தது. கதவோரம் அக்கா வெங்கடம்மா, நடுவில் கியர் தண்டு முட்டியில் இடிக்க மனைவி சுமா. அக்காவைப் பின்னால் உட்கார வைத்தால் பத்து நிமிஷத்தில் வாந்தி எடுத்துவிடுவாள். முன் ஜன்னல் காற்று முகத்தில் பட்டால்தான் அவளுக்குத் தாங்கும். அதனால் கதவோரம் அவளுடையது என்பதை அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அக்கா கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது துளசிராமன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். கல்லாவில் போய் உட்கார்ந்தவள் அக்காதான். தம்பியைப் படிக்க வைத்தாள், பெண் பார்த்துக் கட்டி வைத்தாள், மகள் மமதா பிறந்தபோது சுமாவுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டாள். இவ்வளவும் துளசிராமனுக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம், மனுஷன் தெரிந்தேதான் செய்தார்.

மமதாவுக்குப் பூதிகோட்டையில் ஒரு வரன் வந்தது. பையனின் அப்பா ராஜப்பா நிலபுலம் உள்ளவர், அம்மா சரோஜம்மா. வீடு பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேனில் போனார்கள். வாசலில் சரோஜம்மா குங்குமத் தட்டோடு வந்தாள். கதவு திறந்தது. கதவோரம் இருப்பவள் இறங்கினால்தானே நடுவில் இருப்பவள் இறங்க முடியும்? முதலில் கால் வைத்தது அக்கா, பொட்டில்லாத நெற்றியோடு. சரோஜம்மாவின் தட்டு ஒரு கணம் நின்றது. பிறகு அவள் அக்காவுக்குத் தலையசைத்துவிட்டு விலக, தட்டு அடுத்து இறங்கிய சுமாவிடம் போயிற்று. உள்ளே காப்பி, பலகாரம், பேச்சு எல்லாம் நன்றாகவே நடந்தன. ஆனால் வாரம் தாண்டியும் பதில் வரவில்லை.

சுமா மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்கே எடுத்துக்கொண்டு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தாள். தட்டு நின்றதை அவள் பார்த்திருந்தாள். தான் சொன்னால் அது நாத்தனார் சண்டையாகிவிடும், வாசலில் முதலில் இறங்க வேண்டாம் என்று அக்காவிடம் அவர்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றாள். இந்த வரன் போனால் போகட்டும், இனி எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் இதே கதைதானே என்றும் கேட்டாள். துளசிராமன் ரசத்தைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார்.

சொல்ல வேண்டியது ஒரு வரி. அதை அவரால் சொல்ல முடியவில்லை. அக்கா தட்டில் தோசை வைக்கும்போது சொல்லலாம் என்று வாயைத் திறப்பார், இன்னொரு தோசை கேட்டு முடிப்பார். கடைசியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. இரண்டு பேர் சீட்டைக் கழற்றிவிட்டு ஒருவர் சீட்டாகப் போட்டுவிட்டால்? இடம் ஒன்றுதான். பெண்ணைப் பெற்றவள் முன்னால் உட்காருவது முறைதானே என்று அக்காவே புரிந்துகொண்டு பின்னால் போய்விடுவாள். யாரும் யாரையும் ஒன்றும் சொன்னதாகாது. கோழைகளுக்கு இப்படித்தான் மூளை வேலை செய்யும்.

சுரங்கப் பக்கம் பாலகாட்டில் இருந்த சைலஸின் ஷெட்டுக்கு வேனை ஓட்டிக்கொண்டு போனார். சைலஸ் சீட் வேலையில் கெட்டிக்காரன். ரெண்டு பேர் எடத்த ஒண்ணாக்கறீங்களேண்ணா, நஷ்டமில்லையா என்று கேட்டான். பெங்களூர்க்காரர்கள் சுற்றும் சீட் கேட்கிறார்கள், பின்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்களாம் என்றார் துளசிராமன். அது பொய்யில்லை, அப்படியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பழைய சீட்டின் போல்ட்டெல்லாம் துருவேறி இறுகியிருந்தன. சைலஸ் எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகக் கழற்றியபோது அவர் ஷெட்டுக்கு வெளியே போய், சுரங்கத்துக் கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். புது சீட் வந்து உட்கார்ந்தது: உயர்ந்த முதுகு, இரண்டு பக்கமும் கைப்பிடி, அடியில் நெம்புகோல். நெம்பினால் சீட் அப்படியே பின்னால் திரும்பும்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சீட்டைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள், கைப்பிடியில் கையை வைத்துப் பார்த்தாள். இப்போது கேட்பாள், யாருக்கடா இது என்று கேட்பாள், அந்தச் சாக்கில் சொல்லிவிடலாம் என்று துளசிராமன் காத்திருந்தார். அவள் கேட்கவேயில்லை. அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"இடுப்பு வலிக்குதுன்னு ஒரே ஒரு தபா சொன்னேன், அத்த மனசுல வெச்சிக்கினு இருந்தியாடா?" என்றாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்தவும் முடியாது. துளசிராமன் சிரித்து வைத்தார். ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த சுமா உள்ளே போய்விட்டாள்.

அன்று தொடங்கியது அவருடைய சித்திரவதை. அக்கா பக்கத்து வீட்டு ரத்தினம்மாவைக் கூட்டி வந்து சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். கோயிலில் சொன்னாள், கறிகாய்க் கடையில் சொன்னாள். பழைய துண்டு ஒன்றை வெட்டித் தலைபடும் இடத்துக்கு உறை தைத்துப் போட்டாள். எதிர்க்கடை கணேஷ்குமார் வாடிக்கையாளர் முன்னாலேயே துளசிராமனைத் தட்டிக்கொடுத்து, அக்கா தம்பின்னா இப்படி இருக்கணும் என்றார். தன் தம்பி தன்னோடு பேசியே வருஷமாகிறது என்று அவர் வருத்தப்பட்டபோது, துளசிராமன் அடுக்கியிருந்த குடத்தையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். யாராவது இரண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஊரே கையெடுத்துக் கும்பிடும் காரியத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கும் சுமாவுக்கும் மட்டும் தெரியும். அவமானம் அவரைத் தின்றது.

இதற்கிடையில் பூதிகோட்டையிலிருந்து சம்மதம் என்று பதில் வந்தது. தட்டு மாற்றும் சடங்கைப் பையன் வீட்டிலேயே வைப்பது அவர்கள் வழக்கம், பெண் வர வேண்டியதில்லை. நாள் குறித்தார்கள். சொல்லிட்டீங்களா என்று சுமா தினமும் கண்ணாலேயே கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று அவரும் கண்ணாலேயே தள்ளிப்போட்டார்.

அந்த நாளும் வந்தது. வரிசைத் தட்டுகளைப் பின்னால் படுக்கைமேல் பரப்பினார்கள். சுமாவும், அவளுடைய அண்ணனும் அண்ணியும் பின்னால் ஏறினார்கள். அக்கா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்து, மமதாவுக்குக் கையசைத்துவிட்டு, தன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். துளசிராமன் சாவியைத் திருகி வண்டியை எடுத்தார்.

பங்காரப்பேட்டை தாண்டும்வரை அக்கா பேசிக்கொண்டே வந்தாள். மமதாவுக்கு எந்தக் கலர் கூரைப்புடவை, யார் யாரைக் கூப்பிடுவது என்று. கண்ணாடியில் சுமாவின் முகம் தெரிந்தது, அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூதிகோட்டை மலை கண்ணில் பட்டது. ஊருக்குச் சற்று முன்னால், ஒரு ராகி வயலோரம், வண்டியை ஓரங்கட்டினார்.

"அக்கா, இங்கேந்து சுமா முன்னாடி வரட்டும். நீ பின்னாடி உக்காந்துக்கோ. கொஞ்ச தூரந்தான்."

"ஏன், அவளுக்குத் தலை சுத்துதா?"

"இல்ல. அங்க எறங்கறப்ப மொதல்ல அவ எறங்குனா நல்லாருக்கும்."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்து வருஷக்கணக்காக ஜனங்களின் முகத்தைப் படித்தவள் அக்கா. கைப்பிடியைத் தடவினாள். தலைக்குப் பின்னாலிருந்த உறையைத் திரும்பிப் பார்த்தாள். பழைய சீட் ஏன் போயிற்று, இது ஏன் வந்தது என்பது முழுக்க அவளுக்குள் இறங்கியது.

"வாயால சொல்லியிருந்தா நானே பின்னாடி போயிருப்பேனே துளசி," என்றாள். குரலில் கோபம் இல்லை. "இன்னாத்துக்கு சீட்ட மாத்துன?"

அக்கா இறங்கிப் பின்கதவுக்குப் போனாள். சுமா இறங்கி, வேணாங்க்கா என்று முனகினாள். அவளைத் தோளில் தட்டி முன்னால் அனுப்பிவிட்டு அக்கா ஏறிக்கொண்டாள். சுமா அந்தச் சீட்டின் நுனியில், முதுகு சாயாமல் உட்கார்ந்து வந்தாள்.

பையன் வீட்டு வாசலில் மேளம், ஜனம். வேன் நின்றதும் சரோஜம்மா தட்டை ஏந்திக்கொண்டு சிரித்த முகத்தோடு நேரே முன்கதவுக்கு வந்தாள். ராஜப்பாவே ஓடி வந்து கதவைத் திறந்தார். சுமாவைப் பார்த்ததும் சரோஜம்மா எட்டி உள்ளே பார்த்தாள்.

"அக்கா எங்க? அவங்க சீட்டுல நீங்க வந்துட்டீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டாள்.

சுமாவின் முகம் செத்துப் போயிற்று. துளசிராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. ராஜப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்ற சொந்தபந்தம் கேட்கச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். போன தடவை அந்த அம்மாளைச் சரியாக வரவேற்கவில்லையே என்று சரோஜம்மாவுக்கு உறுத்தலாக இருந்ததாம். போனில் மன்னிப்புக் கேட்கப் போய் அவளும் அக்காவும் சிநேகமாகிவிட்டார்களாம். பொண்ணு பிடித்திருந்தும், கடைக்காரக் குடும்பமாயிற்றே, சரிப்படுமா என்று இவர்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அக்கா அந்தச் சீட் விஷயத்தைச் சொன்னாளாம்.

"அக்காவுக்கு இடுப்பு வலின்னு சீட்டையே மாத்துற வீட்டுலேந்து பொண்ணு எடுக்காம வேற எங்க எடுக்கறது? அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம் சம்பந்தி," என்றார் ராஜப்பா.

துளசிராமன் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பார். தங்கவயலில் மூடிக்கிடக்கும் அத்தனை சுரங்க ஷாஃப்டும் அவருக்குப் போதாது. இல்லைங்க, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. பெண்ணின் கல்யாணம் அதை அங்கேயே நிறுத்திவிட்டது.

அப்போது பின்கதவு திறந்தது. அக்கா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். அந்தக் கொஞ்ச தூரத்துக்கே முகம் வெளுத்திருந்தது. சரோஜம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"காலு மரத்துப் போச்சு சரோஜா, நீட்டிக்கலாம்னு நாந்தான் பின்னாடி போனேன். சுமா வேணாம் வேணாம்னுதான் சொன்னா," என்றாள்.

பாலகாட் ஷெட்டில் அவர் சொன்ன பாதி நிஜத்தைவிட இந்த முழுப் பொய் சுத்தமானது. அவள் தம்பியின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சடங்கு நன்றாக நடந்தது. தட்டு மாறியது. சரோஜம்மா அக்காவைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். பந்தியில் ராஜப்பா நின்று கவனித்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இவர்தான் அந்தத் தம்பி என்று துளசிராமனைக் காட்டினார். அவர் இலையில் குனிந்தவர் நிமிரவில்லை. நல்லவன் என்று பெயர் எடுப்பது இவ்வளவு வலிக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

சாயங்காலம் எல்லோரும் வாசலுக்கு வந்து வழியனுப்பினார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அக்கா முன் சீட்டில் இருந்தாள், சரோஜம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள். ஊர் மறைந்ததும், நிறுத்துடா என்றாள். நிறுத்தினார். அக்கா இறங்கிப் பின்கதவுக்கு நடந்தாள். துளசிராமன் குதித்து இறங்கி ஓடி, அவள் முன்னால் நின்றார்.

"தப்புதாங்க்கா. நான் செஞ்சது தப்பு. முன்னாடியே உக்காரு."

"தப்புன்னு இப்ப யாரு சொன்னா? கல்யாணம் முடியற வரைக்கும் எத்தினி வாசல் ஏறி எறங்கணும்," என்றாள் அக்கா. "இங்கியே பழகிக்கிறேன்."

ஏறிப் போய், காலியாயிருந்த படுக்கையின் ஓரத்தில், தொட்டிக்குப் பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். துளசிராமன் சுமாவைப் பார்த்தார். சுமா மாட்டேன் என்று தலையை அசைத்துவிட்டு, அக்காவின் பக்கத்திலேயே நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய அண்ணனை முன்னால் வரச்சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அண்ணனும் தானாக எழுந்திருக்கவில்லை.

துளசிராமன் வண்டியை எடுத்தார். பங்காரப்பேட்டைக்கு முன்னாலேயே பின்னால் அக்கா ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் வேகத்தைக் குறைத்தார். நிறுத்தாதே, போ என்று அக்காவின் குரல் வந்தது. பக்கத்தில் இருந்த சீட்டில் யாரும் இல்லை. அவர் ஓட்டிக்கொண்டு போனார்.