பகலில் ஓட்ட ஒரு ஆள்

என் அப்பாவால் பகலில் விழித்திருக்க முடியாது. ஸ்ரீஸ்கந்தராசா, இருபத்துநாலு வருடம் ஸ்காபரோவில் ரொட்டி சுடும் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். போன வருடம் ஓய்வெடுத்தார். உடம்புக்கு அது தெரியாது. காலை எட்டு மணிக்குக் கண் சொருகும், பின்னேரம் மூன்றுக்குத் திறக்கும். அப்படிப்பட்ட மனிதர்தான் அடிலெயிட்டிலிருந்து டார்வின் வரை, ஒஸ்ரேலியாவின் நடுப் பாலைவனத்தால் மூவாயிரம் கிலோமீற்றர் கரவன் என்ற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்று நின்றார்.

ஏன் ஒஸ்ரேலியா என்று கேட்டேன்.

"அந்த றோட்டிலை எங்கடை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை," என்றார். "லண்டனுக்குப் போனம், பாரிசுக்குப் போனம். என்னத்தைப் பாத்தம்? ஆரோ சொந்தக்காரற்றை வீட்டு சோபாவிலை இருந்து கலியாண வீடியோ பாத்தம்."

அதை மறுக்க முடியாது. வேலை இடைவேளைகளில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வளர்த்த ஆசை. வெள்ளைக்காரக் கிழவன் சிவப்பு மண் தெருவில் கரவன் இழுத்துக்கொண்டு போவான். கிழவி பக்கத்துச் சீற்றில் காலை நீட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி வருவாள். அம்மாவும் அப்படி வரவேண்டும் என்பதுதான் அப்பாவின் திட்டம். அம்மா அஜக்ஸில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், பதினாறு வருடமாக.

முன்பதிவுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். வாடகை நிபந்தனையில் ஒரு வரி இருந்தது: பொழுதுபட்ட பிறகு ஓட்டக்கூடாது. கங்காரு குறுக்கே பாயும். அதை வாசித்துக் காட்டியதும் அம்மா சிரித்துவிட்டார்.

"ராவிலை ஓடேலாது, பகலிலை உங்களாலை ஏலாது. பிறகு எப்ப ஓடப்போறியள்?"

"பழகுவன்."

"அப்ப ஐஞ்சு நாள் பகலிலை கண் முழிச்சுக் காட்டுங்கோ. இல்லாட்டி நான் வரமாட்டன்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள் முன்பதிவை உறுதி செய்யவேண்டும். அப்பா மிசிசாகாவில் இருக்கும் பாக்கியராசா அங்கிளின் கரவனை இரவல் வாங்கி வந்து எங்கள் றைவ்வேயில், வீட்டு வாசலில் கார் விடும் இடத்தில், நிறுத்தினார். ஜூலை மாதம், பள்ளிக்கூடம் விடுமுறை. செவ்வாய் தொடங்கிச் சனி வரை இருவரும் அதற்குள்தான் சீவிக்கவேண்டும். மலசலகூடத்துக்கு மட்டும் வீட்டுக்குள் வரலாம். என்னை நடுவராக நியமித்தார்கள். நானும் இரவு வேலையை விட்டு ஏழு மாதம். வீட்டில் சும்மா இருப்பவனுக்குத்தான் இப்படிப்பட்ட பதவிகள் கிடைக்கும்.

முதல் நாள் ஒன்பது மணிக்கு அப்பாவின் தலை தொங்கி நாடி நெஞ்சில் விழுந்தது. அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து, கையைப் பிடித்துத் தெருவைச் சுற்றி நடத்திக்கொண்டு வந்தார். இரண்டாம் நாள் அப்பா நின்றுகொண்டே தூங்கினார். அப்படியும் முடியும் என்பது எனக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கரவனின் சின்னப் பிரிட்ஜில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது. அப்பாவின் எழுத்து: "பருப்பு அடுப்பிலை இருக்கு. உப்புப் பாக்கவும்."

அம்மா அதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றார்.

"இஞ்சேருங்கோ, நான் உங்களுக்கு முன்னாலைதானே நிக்கிறன்? வாயைத் திறந்து சொன்னால் என்ன?"

அப்பா வெட்கப்பட்டார். "கை பழகிப்போச்சு."

எங்கள் வீட்டில் அதிகாலை ஐந்தரைக்கு அப்பா வர அம்மா வெளிக்கிடுவார், பின்னேரம் அம்மா வர அப்பா வெளிக்கிடுவார். பிள்ளைகளைப் பார்க்க யாராவது ஒருவர் வீட்டில் நிற்கவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அதை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரிட்ஜில் ஒட்டிய துண்டுகளில்தான் இருவரும் குடும்பம் நடத்தினார்கள்.

அம்மா பருப்பை ருசி பார்த்தார். பேனையை எடுத்து அந்தத் துண்டிலேயே "உப்புக் காணாது" என்று எழுதித் திரும்ப ஒட்டினார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து நான் கண்டதில்லை என்று சொல்லமாட்டேன். கலியாண வீடுகளில் கண்டிருக்கிறேன். அங்கே படம் எடுக்கிறவன் சிரிக்கச் சொல்லியிருப்பான்.

நான்காம் நாள் அம்மா நேரடியாகக் கேட்டார். "நான் ஓட்டுறனே?"

"வேண்டாம்."

"எழுபது பிள்ளையளை ஏத்திக்கொண்டு பனியிலை ஓட்டுறனான். கங்காருவுக்குப் பயப்பிடுவனோ?"

"கங்காருதான் உமக்குப் பயப்பிடவேணும்," என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பதினாறு வருசமா முன்னுக்கு இருந்து ஓட்டினது காணும், பாலேஸ். நீர் ஓட்டினால் அது விடுமுறை இல்லை, வேலை. ஒருக்காப் பக்கத்துச் சீற்றிலை இருந்து சும்மா வெளியிலை பாரும்."

அம்மா எழும்பினார். கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினார். 

சனிக்கிழமை கணக்குப் பார்த்தேன். ஐந்து பகலில் ஒன்றைத்தான் அப்பா முழுதாகக் கடந்திருந்தார்.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கரவனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்பா தன் வான் வண்டியில் அதைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். அம்மா பக்கத்தில், நான் பின்னால். ஃபோர் ஓ வண் நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடம் இருக்காது, அப்பா யன்னலைத் திறந்தார். ரேடியோவைக் கூட்டினார். தொடையைக் கிள்ளுவதும் தெரிந்தது. பிக்கறிங்கில் தானாகவே எக்ஸிற் எடுத்து நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு கோப்பிக்கடைக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"ஏலாது," என்றார். "கண் இருட்டுது. உங்களை இருத்திக்கொண்டு நான் ஓடக்கூடாது. ஜெனோ, உந்த முன்பதிவை விட்டிடு."

சொல்லிவிட்டு வானின் திறப்பைக் கழற்றி அம்மாவின் மடியில் வைத்தார். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வராத நித்திரையை ஆறுதல் வரவைக்காது, வந்த நித்திரையை விரட்டவும் மாட்டாது.

அம்மா இறங்கிச் சுற்றி வந்து சாரதி இருக்கையை முன்னுக்கு இழுத்தார். கண்ணாடிகளைத் திருத்தினார். வானையும் கரவனையும் இணைக்கும் கொழுவியை ஒருமுறை போய்ப் பார்த்தார். அப்பாவுக்கு பெல்ற் போட்டுவிட்டார். தெருவில் ஏறியபோது கரவன் பின்னால் வருவதே தெரியவில்லை. கெனடி றோட்டுக்கு வருமுன்னமே அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

"இந்தக் கிழமைதான் உவர் நித்திரை கொள்ளுறதை வடிவாப் பாத்தனான்," என்றார் அம்மா. "ஒவ்வொருதரமும் நானே எழுப்பினன். பாவமாக் கிடந்தது."

"முந்திச் சனி ஞாயிறிலை பாக்கேல்லையோ?"

"சனி ஞாயிறிலை உங்களையெல்லோ பாத்தன்."

அம்மா கண்ணாடியைப் பார்த்து ஒரு லொறிக்கு வழி விட்டார். பிறகு, "அந்த முன்பதிவுப் போமை எடு. றைவர் எண்டு என்ரை பேரைப் போடு."

"அப்பா ஒத்துக்கொள்ளுவாரோ?"

"அவரை ஆர் கேட்டது? எனக்குப் பக்கத்துச் சீற்றிலை இருந்தால் தலை சுத்தும். இவ்வளவு நாளும் சொல்லேல்லை, ஆசையாச் சொல்லுறாரெண்டு. அவர் இருக்கட்டும் உதிலை. ஒட்டகம் கிட்டகம் வந்தால் எழுப்புவன்."

போனில் பெயரைத் தட்டினேன்: பாலேஸ்வரி ஸ்ரீஸ்கந்தராசா. அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டிருந்தது. பதினாறு என்று போட்டு அனுப்பினேன். உறுதியாகிவிட்டது என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

மிசிசாகா எக்ஸிற் வந்தது. போனது.

"அம்மா, எக்ஸிற்றை விட்டிட்டியள்."

"கண்டனான்."

"பாக்கியராசா அங்கிள் பாத்துக்கொண்டிருப்பார்."

"ஒரு மணித்தியாலம் பிந்துமெண்டு போன் எடுத்துச் சொல்லு. மெல்லமாக் கதை."

எடுத்தேன். "உங்கடை குடும்பத்திலை ஆர்தான் நேரத்துக்கு வந்தவை?" என்றார் பாக்கியராசா அங்கிள். ஏதாவது உடைந்துவிட்டதா என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

மில்ற்றன் தாண்டி வயல்கள் தொடங்கின. லொறிகள் ஒவ்வொன்றாக எங்களை முந்திக்கொண்டு போயின. அம்மா ரேடியோவை அணைத்துவிட்டு, கரை லேனில், தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தார்.