பார்சலும் பச்சைக்கொடியும்

முப்பத்துநாலு வருஷம் நான் ரயில் கார்டாக இருந்தேன். கடைசிப் பெட்டியில் நின்று விசில் ஊதிப் பச்சைக்கொடியை அசைத்தால், முன்னால் நிற்கும் அறுநூறு டன் இரும்பு மறுபேச்சில்லாமல் நகரும். ஓய்வு பெற்ற மறுநாள் காலை வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஒரு டீ" என்றேன். எதுவும் நகரவில்லை.

என் மனைவிக்கு ஏது ஓய்வு? அவள் தையற்காரி. நாடகக்காரர்கள், பாடகிகள், மேடையில் மினுமினுக்க வேண்டியவர்கள் எல்லாருக்கும் உடை தைப்பவள். வீட்டின் முன்னறை அவளுடைய தையலறை. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேஜை, தலையில்லாத பொம்மை ஒன்று. இவை போக மீதித் தரை முழுக்கத் துணி. அந்த அறைக்குள் நான் நடப்பதென்றால் தண்டவாளத்தில் நடப்பதுபோல ஒற்றைக் கோடாகத்தான் நடக்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான் என் மகள் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து, "அப்பாவுக்குப் பொழுது போகட்டும்" என்று வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்க வேறு ஊருக்குப் பறந்துவிட்டாள். வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ சின்ன ஜாதி. முழுசாக வளர்ந்தாலும் ஒரு தலையணை அளவுக்குத்தான் வருமாம். வந்த அன்று என் கைமுட்டி அளவு இருந்தது. அதிலும் பாதி காது. அட்டைப்பெட்டியில் வந்ததால் பார்சல் என்று பெயர் வைத்தேன்.

அந்த முட்டி அளவு உடம்புக்குள் நகராட்சித் தண்ணீர்த் தொட்டியை யார் இறக்கி வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முதல் நாள் மட்டும் நாற்பத்தேழு முறை. சரி, பதினொன்று. பதினோராவது முறை நடந்த இடத்தைத்தான் என் மனைவி எனக்குக் காட்டினாள்.

"என்னங்க, இங்க வாங்க. இது என்ன?"

"வெல்வெட்."

"வெல்வெட்டுக்கு மேல?"

"அதுவா... லேசா ஈரம்."

"லேசாவா? இதுல தோணி விடலாம். சொல்லிட்டேன், முப்பது நாள் டைம். முப்பதாவது நாள் காலைல இருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் கதவெல்லாம் திறந்துதான் இருக்கும். தரையில ஒரு சொட்டு விழுந்தாலும் என் தம்பி வந்து தூக்கிட்டுப் போயிடுவான்."

அவள் தம்பி, அதாவது என் மச்சான், மரக்கடை வைத்திருக்கிறான். ஆள் பீரோ மாதிரி, மனசு பஞ்சு மாதிரி. அன்று சாயங்காலமே பார்சலைப் பார்க்க வந்துவிட்டான்.

"மாமா, எங்கிட்ட குடுங்க. கடைல தரை பூரா மரத்தூள்தான். எங்க போனாலும் உறிஞ்சிக்கும். அதுக்கு அது சொர்க்கம். காவலுக்கும் ஆச்சு."

"காவலா? இதைப் பாத்தா கரையான்கூட சிரிக்கும்டா."

சிரித்துச் சமாளித்தேனே தவிர, கொடுக்க மனசில்லை. மரக்கடையில் நாள் முழுக்க லாரி பின்னால் வரும், முன்னால் போகும். டிரைவர் கண்ணுக்கு மரத்துண்டே தெரியாது, பார்சலா தெரியும்? அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வுக்குப் பிறகு, நான் எழுந்தால் எழுந்து, நான் நடந்தால் நடந்து, நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அதுதான்.

நாய் டாக்டரிடம் ஓடினேன். "தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடினதும் உடனே ஒரே இடத்துக்குத் தூக்கிட்டுப் போங்க சார். அங்க போனா பாராட்டுங்க, பிஸ்கட் குடுங்க. தப்பான இடத்துல போனா திட்டாதீங்க. சின்ன ஜாதி, மூத்திரப் பை சின்னது. பொறுமையா இருங்க" என்றார். எளிதான வழி. எந்த மனிதனும் அதை அப்படியே செய்திருப்பான். நான் கார்டு ஆயிற்றே!

பால்கனியில் செய்தித்தாள் விரித்து, அதற்குப் பிளாட்பாரம் என்று பெயரிட்டேன். சுவரில் கால அட்டவணை ஒட்டினேன். ஆறு பத்து, எட்டு ஐந்து, ஒன்பது நாற்பது என்று ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வண்டி. வேலைக்காலத்து விசிலைத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பார்சல் குந்தும் அந்த நொடியில் ஒரு விசில், பிறகு ஒரு பிஸ்கட். நாலே நாளில் நான் ஊதினால் அது குந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்திலேயே நேரம் தவறாத ஒரே வண்டி என் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் பிளாட்பாரத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தும், வீட்டுக்குள் குளம் கட்டுவது நிற்கவில்லை. சோபாவுக்கு அடியில் ஒன்று, என் செருப்பில் ஒன்று, தலையில்லாத பொம்மையின் காலடியில் ஒன்று.

"பழகிடுச்சு பழகிடுச்சுன்னீங்க?" என்றாள் மனைவி, தரை துடைக்கும் துணியை என் மூக்குக்கு நேராக நீட்டி.

வண்டி தாமதமானால் காரணத்தை டைரியில் எழுதுவது கார்டின் பழக்கம். குளம் கட்டிய நேரங்களையெல்லாம் எழுதிவைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், எல்லாம் காலை எட்டிலிருந்து பத்துக்குள், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள். நடுப்பகலில் ஒன்றுகூட இல்லை. என்ன மர்மமடா இது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, சமையலறையில் குக்கர் விசிலடித்தது. பார்சல் காதைத் தூக்கியது. நின்ற இடத்திலேயே குந்தியது. குக்கர் இரண்டாவது விசிலடித்தது. பார்சல் இரண்டடி தள்ளிப்போய் மறுபடி குந்தியது. மூன்றாவது விசிலுக்கு அதனிடம் சரக்கில்லை. இருந்தாலும் கடமை தவறாமல் குந்தி, முக்கி, பிஸ்கட்டுக்காக என்னைப் பார்த்தது.

அடப்பாவி மனுஷா! நான் பால்கனியை எங்கே பழக்கினேன்? விசிலையல்லவா பழக்கியிருக்கிறேன்!

குக்கரை என்னால் சமாளிக்க முடிந்தது. "இனிமே சமையல் நான்தான்" என்று அறிவித்து எல்லாவற்றையும் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தேன். மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் டைரி சொன்ன நேரம் வெறும் குக்கர் நேரமில்லையே. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தெருமுனையில், ஆபீஸ் போகும் நெரிசலில், போக்குவரத்து கான்ஸ்டபிள் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு நாலு விசில். இறங்கிப் போனேன்.

"சார், ஒரு சின்ன உதவி. கொஞ்சம் விசில் ஊதாம இருக்க முடியுமா?"

"ஏன் சார், தலைவலியா?"

"இல்ல. நீங்க ஊதுனா எங்க வீட்ல ஒண்ணுக்குப் போறாங்க."

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "யாரு?"

"நாய்க்குட்டி."

"நான் ஊதலன்னா அந்த லாரி உங்க மேலேயே ஏறும், பரவாயில்லையா? ஓரமா நில்லுங்க சார்!" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே என் காதருகில் நீளமாக ஒன்று ஊதினார். மாடியில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி ஜன்னலில் தோன்றி, தரை துடைக்கும் துணியைப் பிழிந்து காட்டினாள்.

பதினைந்து நாள் போய்விட்டது. விசிலை மறக்கடிக்க வேண்டும். அன்றிலிருந்து தெருவிசில் கேட்டுப் பார்சல் குந்தினால் பிஸ்கட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு வாரத்தில் அதற்கு விசிலின் மீதிருந்த நம்பிக்கை போய்விட்டது. அதோடு புதுச் சைகையும் வேண்டுமே? சத்தமில்லாத சைகை. பரணிலிருந்து என் பச்சைக்கொடியை இறக்கினேன். கொடி அசைந்தால்தான் வண்டி புறப்படும். தெருவில் ஆயிரம் விசில் ஊதட்டும், பச்சைக்கொடி அசைக்க யார் வரப்போகிறார்கள்?

அந்த நாட்களில் ஒரு பாடகிக்காக எட்டு மீட்டர் வெள்ளைத் துணியில் கவுன் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. மனைவி முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மணி கோத்துத் தைத்தாள். வெளியே நானும் பார்சலும் கொடிப் பயிற்சியில் இருந்தோம். இருபத்தெட்டாம் நாள், இருபத்தொன்பதாம் நாள் இரண்டிலும் வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. பெருமை தாங்காமல் நாய் டாக்டருக்கு போன் போட்டேன்.

"பச்சையா? நாய்க்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் பெரிசா வித்தியாசம் தெரியாது சார். எந்தத் துணி அசைஞ்சாலும் அதுக்குக் கொடிதான்" என்று சிரித்தார்.

சிரித்துவிட்டுப் போகட்டும், என் வீட்டில் துணி அசைக்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். தையற்காரியோடு முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவன் நினைக்கிற நினைப்பா அது?

முப்பதாம் நாள். சொன்னபடி எல்லாக் கதவும் திறந்திருந்தன. மச்சான் மத்தியானமே கூடையோடு வந்து, வெட்டு மேஜை ஓரம் உட்கார்ந்துவிட்டான். கூடைக்குள் மெத்தை வேறு போட்டிருந்தான், பாவி. நாலரை மணிக்குப் பாடகி கவுனைப் போட்டுப் பார்க்க வருகிறாள், கைலியோடு நிற்காதீர்கள் என்று மனைவி கட்டளையிட்டிருந்ததால் நான் பழைய கார்டு கோட்டும் தோல் ஷூவும் போட்டுக்கொண்டு மிடுக்காக நின்றேன். காலையிலிருந்து பார்சல் ஒரு தப்பும் செய்யவில்லை. இன்னும் அரை மணி நேரம்தான்.

பாடகி வந்தாள். "அக்கா, காட்டுங்க காட்டுங்க" என்று குதித்தாள். என் மனைவி பொம்மையிலிருந்து கவுனைக் கழற்றி, தோள்பட்டைகளைப் பிடித்து உயர்த்தி, சுருக்கம் போக ஒரு உதறு உதறினாள்.

முப்பத்துநாலு வருஷத்தில் நான் அசைத்த அத்தனை கொடிகளையும் ஒன்றாகத் தைத்தாலும் அவ்வளவு பெரிய கொடி வராது. எட்டு மீட்டரும் காற்றில் எழுந்து, விரிந்து, இறங்கியது. என் காலடியில் நின்ற பார்சல் அண்ணாந்து பார்த்தது. தன் வாழ்க்கையின் மாபெரும் கட்டளை வந்துவிட்டது என்று அதன் கண்ணிலேயே தெரிந்தது. பின்னங்கால்கள் மடங்கின.

அறுபது வருஷத்தில் நான் அப்படிக் குனிந்ததில்லை. ஒரே அள்ளில் அள்ளிக் கோட்டுக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினேன். எல்லார் கண்ணும் கவுன் மேல் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. ஆனால் புறப்பட்ட வண்டியை எந்தக் கார்டாலும் நிறுத்த முடியாது. இளஞ்சூடாக ஆரம்பித்தது. வயிற்றைத் தாண்டி, இடுப்பில் சற்று நின்று, தொடை வழியாக முழங்காலைக் கடந்து, சரியான நேரத்துக்கு ஷூவுக்குள் போய்ச் சேர்ந்தது. நல்ல தோல் ஷூ. ஒரு சொட்டு வெளியே விடவில்லை.

பாடகி திரும்பினாள். என் கால்சட்டையைப் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போனது.

"ஐயா... பரவால்லைங்கய்யா. சங்கடப்படாதீங்க. எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மச்சான் வாயைப் பிளந்தான். "மாமா! எத்தனை நாளா இப்பிடி?"

நாய்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் வீட்டில் தங்கும், பார்சல் மரக்கடைக்குப் போகும். மானத்தை எடுத்து ஷூவுக்குள் போட்டேன்.

"கொஞ்ச நாளாத்தான் மாப்ள. வயசாகுதுல்ல."

என் மனைவியின் பார்வை மட்டும் என் கோட்டிலேயே நின்றது. இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவது பொத்தானுக்கும் நடுவே ஒரு கறுப்பு மூக்கு வெளியே வந்து, காற்றை மோந்துவிட்டு, உள்ளே போனது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு கவுனை மேஜைமேல் வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து, நெசவில் பழுது தேடுவதுபோலத் தரையை உள்ளங்கையால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தடவினாள். என் ஷூவைச் சுற்றி இரண்டு தடவை தடவினாள்.

"காஞ்சுதான் இருக்கு" என்று எழுந்தாள். "டேய் தம்பி, கூடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"இரு, மணி இன்னும் அஞ்சு ஆகலையே. நாயி?"

"நாய் பழகிடுச்சு."

"அப்ப மாமா?"

"அவரை வேணா கூட்டிட்டுப் போறியா? மரத்தூள் உறிஞ்சிக்கும்னியே."

மச்சான் என்னையும் கூடையையும் மாறி மாறி அளந்து பார்த்தான். அதையும் நிஜமாகவே யோசித்தான் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதன் பிறகு அந்தப் பாடகி வாரம் ஒரு முறை போன் செய்து என் நலம் விசாரிக்கிறாள். நல்ல டாக்டர் ஒருவருடைய விலாசமும் அனுப்பியிருக்கிறாள். செய்தி மச்சான் மூலமாக இந்த ஊரையே சுற்றிவிட்டது. கான்ஸ்டபிள்கூட என்னைக் கண்டால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுகிறார். "பாத்துப் போங்க சார், மெதுவா" என்று கைத்தாங்கலாகத் தெருவைக் கடத்திவிடுகிறார்.

அந்த முப்பதாம் நாளுக்கு மறுநாள் காலை ஆறு பத்து வண்டிக்குப் பார்சலைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். தரையில் பார்சலுக்கு வழக்கம்போல ஒரு தாள் விரித்திருந்தது. அதன் பக்கத்தில், நாலு தாளை ஒட்டுத்துணி போல விளிம்பில் மிஷின் தையல் போட்டு இணைத்து, பெரிதாக இன்னொன்று. என் மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். ஒரு கையில் என் பச்சைக்கொடி. இன்னொரு கையில் டீ.

"ம், ரெண்டு பேரும் முடிச்சுட்டு வாங்க. ஆறுது" என்று கொடியை அசைத்தாள்.