பின்பக்கம்

"என் சிங்கமே! என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேடா!"

ஜொல்தோஷ் மாமாவின் கதறல் கூடார வாசல்வரை வந்துவிட்டது. என் கணவன் பெக்துருக்கு அவர் தாய்மாமன், எனக்கு முதலாளி. நன்றாகத்தான் அழுகிறார். நான் எங்கள் வழக்கப்படி கறுப்பு உடுத்தி, மற்ற பெண்களோடு சுவரைப் பார்த்தபடி, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் என் கணவன் கிடந்தான். பனிச்சரிவில் புதைந்தவனைத் தேடி, கருவி காட்டிய பக்கமெல்லாம் தோண்டியிருக்கிறார்கள். அவன் அவர்களுக்குப் பின்னால் இருந்தான்.

அந்தக் கருவி பிஷ்கெக் நகரில் எங்கள் பட்டறையில் செய்தது. புதைந்தவர் உடம்பில் கட்டியிருக்கும் பெட்டியின் அலையைப் பிடித்து அம்புக்குறியில் திசை காட்டும். அலை உள்ளே ஒரு கலப்பெண்ணாக வந்து சேரும். மெய்ப்பகுதி முன்னா பின்னா என்று சொல்லும், கற்பனைப்பகுதி இடமா வலமா என்று சொல்லும். இரண்டின் குறியையும் பார்த்து அதன் கோணத்தைச் சொல்ல சி நிரல்மொழியில் carg இருக்கிறது. நிரல் எழுதிய மாமாவோ கற்பனையை மெய்யால் வகுத்து, விடையை மட்டும் பார்த்துக் கோணம் சொல்லும் atan கையில் கொடுத்துவிட்டார். வகுத்தால் குறி தங்குமா? கழித்தலைக் கழித்தலால் வகுத்தால் கூட்டல். பின்னால் கிடப்பவனை முன்னால் என்று அம்பு காட்டும்.

மைதானத்தில் பெட்டியை எதிரே வைத்து, அதை நோக்கி நடந்தே சோதித்தோம். அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் கருவியும் கையுமாகத் தேநீர் ஊற்றத் திரும்பினேன். பெட்டி முதுகுக்குப் பின்னால் இருக்க, அம்பு எதிரே தேநீர் கொதிக்கும் சமோவாரைக் காட்டியது.

"மாமா, ஒரு வரிதான். மாத்திட்டு, வித்ததையெல்லாம் திரும்ப வாங்கிடலாம்."

"திரும்ப வாங்கினா ஊரே சிரிக்கும்மா. அடுத்து செய்யறதுல மாத்திக்கலாம்."

"அதுக்குள்ள யாராவது செத்தா?"

"வாயக் கழுவு!"

வீட்டில் பெக்துரிடம் சொன்னேன். மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போவதுதான் அவன் பிழைப்பு. "மாமா சொன்னா செய்வாரு, விடு" என்று சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பின்மேல்கூட இப்போது ஆத்திரமாக வருகிறது.

மாமா உள்ளே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "பெர்மெத், தங்கமே, எல்லாம் விதிம்மா. நம்ம கையில என்ன இருக்கு?"

ஒப்பாரியில் என் முறை வந்திருந்தது. செத்தவன் பெருமையைப் பாட வேண்டும். வாய் திறந்தேன்.

"முன்னால தோண்டினாங்களே, என் ராசா, நீ பின்னால மூச்சுக்கு ஏங்கினியே! அம்பு பொய்ன்னு சொன்னேனே, என் ராசா, தெரிஞ்சேதானே விட்டுவச்சாரு! விட்டுவச்ச மாமன்தான், என் ராசா, வாசல்ல வந்து அழுதாரே!"

கூடப் பாடிய பெண்களின் குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. பின்னால் மாமாவின் விசும்பலும் நின்றது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார், மாமாவின் கூடப்பிறந்த அக்கா, சுவரிலிருந்து மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.