ஒரு பஸ், இரண்டு ஊர்

வடகுறிச்சிக்குள் முதன்முதலாக பஸ் நுழைந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதன் முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. கண்ணாடிக்குக் குறுக்கே சாமந்தி மாலை. ஊர் எல்லையில் சரவெடி வெடித்து ஓய்ந்ததும் பெண்கள் ஆரத்தித் தட்டோடு முன்னால் போனார்கள். பஸ்ஸுக்குச் சுற்றிவிட்டு, மிச்சம் இருந்ததை இலக்கியாவுக்கும் சுற்றினார்கள்.

"மணவாளன் பொண்ணு நிக்கிறதப் பாரு, கலெக்டராட்டம்."

"எம்மா இலக்கியா, அப்பிடியே ரேஷன் கடைக்கும் ஒரு வார்த்த சொல்லிடேன். மாசத்துல ரெண்டு நாளுதான் தெறக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். இலக்கியாவும் சிரித்தாள். கண்டக்டர் அன்புமணி படியிலிருந்து இறங்கியபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. அவரை அவளுக்குத் தெரியும். சிதம்பரம் பஸ் நிலையத்தில் தினமும் ஐந்து மணிக்கு, "மீரான்பேட்ட, மீரான்பேட்ட" என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறவர்.

"அண்ணே, நீங்க மீரான்பேட்ட டிரிப்பாச்சே?"

"அந்த டிரிப்பதாம்மா இங்க திருப்பி உட்டுட்டாங்க." அன்புமணி நெற்றியில் அப்பியிருந்த குங்குமத்தைத் துடைத்தார். "புது வண்டிக்கு எங்க போறது? இருக்கிற வண்டிய ஓட்டவே ஆளு பத்தல."

"அப்ப மீரான்பேட்டைக்கு?"

"காலையில உண்டு. சாயந்தரம் கெடையாது." அவர் குரலில் குறை சொல்லும் தொனி எதுவும் இல்லை. "நீ கேட்டதுதானம்மா?"

அவள் கேட்டதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் கடலூரில், மாவட்ட இளைஞர் கொள்கைக் குழுவின் முதல் கூட்டத்தில் கேட்டாள். கல்லூரிக்கு ஒருவர் என்று பொறுக்கியெடுத்த குழு அது. ஒருங்கிணைப்பாளர் இளவரசி மேடம் ஆளுக்கொரு வண்ணக் காகிதம் கொடுத்து, "இன்னிக்கி நீங்கதான் கவர்மென்ட்" என்றார். "அப்ப டீ ஏன் மேடம் இன்னும் வரல?" என்று முதுநகர் ஆரோக்கியராஜ் கேட்டு அரங்கைச் சிரிக்கவைத்தான். இலக்கியா எழுந்து, சேத்தியாத்தோப்பு தாண்டி மெயின் ரோட்டில் இறங்கி, இருட்டில் கருவேலங்காட்டு வழியாக ஊருக்கு நடப்பதைச் சொன்னாள். அந்த நடைக்குப் பயந்தே வடகுறிச்சியில் பெண்பிள்ளைகளைப் பிளஸ் டூவோடு நிறுத்திவிடுகிறார்கள் என்றாள். மேடையிலிருந்த அதிகாரி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். தான் சொன்ன ஒன்றை ஓர் அதிகாரி குறித்துக்கொண்டதை அவள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

அந்தப் பேச்சை அவளுக்குச் சொல்லிக்கொடுத்துத் திருத்தியதே நஜியாதான். சிதம்பரம் கல்லூரியில் இருவரும் கணிதம் மூன்றாமாண்டு, ஒரே பெஞ்சு. "கையக் கட்டிக்கிட்டு பேசாதடி, பிச்ச கேக்கிற மாதிரி இருக்குது" என்று கேன்டீனில் நாலு தடவை பேசவைத்தாள். நஜியாவின் ஊர் மீரான்பேட்டை. புவனகிரியில் பிரிந்து வெள்ளாற்றங்கரையோடு போகவேண்டும். வாப்பா குவைத்தில். படிப்பைப் பற்றி முடிவு சொல்கிறவர் மாமா சைபுல்லா. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்கு முன்னால் பிள்ளை வீட்டில் இருக்கவேண்டும். ஐந்து மணி பஸ் இருந்ததால் அது ஒரு நிபந்தனையாகவே தோன்றாமல் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

பஸ் போன முதல் வாரம் நஜியா புவனகிரியில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நின்றாள். ஆட்டோக்காரர்கள் எட்டுப் பேர் சேராமல் வண்டியை எடுப்பதில்லை. மீரான்பேட்டைக்கு அந்த நேரத்தில் எட்டுப் பேர் சேருவதுமில்லை. இரண்டாம் வாரம் கடைசி வகுப்பை விட்டுவிட்டு மூன்று மணிக்கே கிளம்பினாள். மூன்றாம் வாரம் அவள் வரவில்லை.

இலக்கியா மீரான்பேட்டைக்குப் போனாள். நஜியாவின் உம்மா ஆசியா உம்மாள் நாற்காலி போட்டு, ரோஸ்மில்க் கலந்து கொடுத்தார். கோபமாக ஒரு சொல் வரவில்லை. அதுதான் இலக்கியாவுக்குத் தாங்கவில்லை.

"நான் அந்த பஸ்ஸ கேக்கலம்மா. பஸ்ஸுதான் கேட்டேன்."

"தெரியும்மா. ஒனக்குத் தெரியாமதான் எடுத்திருப்பாங்க." ஆசியா உம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டார். "ஆனா ஒண்ணு. நீங்க கேட்டீங்க, கெடச்சுது. எங்க புள்ளைங்கள அந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்புடலயே."

நஜியா வாசல்வரை வந்தாள். "அடுத்த கூட்டம் எப்ப?"

"வர்ற புதன்."

"பேசு. அதுவரைக்கும் மாமாவ நான் சமாளிக்கிறேன். அதுக்கு மேல என்னால ஆவாது. கண்டிப்பா ஏதாவது பண்ணுடி."

வீட்டில் சொன்னபோது அம்மா கொளஞ்சியம்மாள் குழம்பைக் கிண்டிய கரண்டியை அப்படியே நிறுத்தினாள். "ஊரு ஆரத்தி எடுத்து வாங்குன பஸ்ஸ நீ போயி வாணாம்னு சொல்லுவியா? நாலு வூட்டுல வர்ற வருஷம் பொண்ண காலேஜி சேக்கிறன்றாங்க. அவுங்க மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?"

"வாணாம்னு சொல்லலம்மா. இன்னொண்ணு கேக்கப்போறேன்."

"கேளு, கேளு. கேக்கறதுக்குத்தான் கூப்புடுறாங்க."

புதன்கிழமை அரங்கில் புதிய பேனர் கட்டியிருந்தது. அதில் வாழைக்கன்று கட்டிய பஸ்ஸின் படம், கீழே 'இளைஞர் குரல் கொள்கையானது'. இலக்கியா மைக்கை வாங்கி, தன் ஊருக்கு வந்தது வேறோர் ஊரின் பஸ் என்று சொன்னாள். அங்கிருந்து ஒருத்தி படிப்பை விடப்போகிறாள் என்றாள். பேர் சொல்லவில்லை. இரண்டு ஊருக்கும் பஸ் வேண்டும் என்று முடித்தாள்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதராகவே தெரிந்தார். "ரெண்டுக்கும் குடுக்க வண்டி இல்லம்மா. டிரைவரும் இல்ல. இருக்கிறதுக்குள்ள யாருக்கு முதல்லன்னு முடிவு பண்றதுதான் பாலிசி. அத நாங்களே மேல உக்காந்து பண்றோம்னுதான இத்தன நாளா திட்டுனீங்க? இப்ப நீங்களே பண்ணுங்க." அவர் இளவரசி மேடத்தைப் பார்த்தார். "ஓட்டுக்கு விட்டுடலாமே."

இளவரசி மேடத்தின் முகம் மலர்ந்தது. "சூப்பர் சார். இதான் உண்மையான பங்கேற்பு."

"சார், மீரான்பேட்டக்காரங்க யாரும் இங்க இல்லயே சார்," என்றாள் இலக்கியா.

"அதனால என்னம்மா? நீங்க எல்லாரும் மாவட்டத்தோட பிரதிநிதி. ஊருக்கு ஊரு பிரிச்சுப் பேசக் கூடாது. சரி, பஸ் வடகுறிச்சியிலயே இருக்கட்டும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் மளமளவென்று எழுந்தன. எல்லோரும் அவளுடைய தோழர்கள். அவள் முதல் கூட்டத்தில் பேசியபோது எழுந்து நின்று கைதட்டியவர்கள். ஆரோக்கியராஜ் இரண்டு கையையும் தூக்கி, அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். "ஒன் பஸ்ஸ வுட்ருவமா?" என்று பின்வரிசைக்குக் கேட்கும்படி சொன்னான். மீரான்பேட்டை எந்தப் பக்கம் என்று அந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார்கள்.

"மீரான்பேட்டைக்கே திருப்பிக் குடுக்கணும்னு சொல்றவங்க?"

இலக்கியா கை தூக்கினாள். சுற்றிலும் பார்த்தாள். ஒரு கைதான்.

அதிகாரிதான் முதலில் கை தட்டினார். "பாத்தீங்களா? தன் ஊரு பஸ்ஸ விட்டுக் குடுக்கத் தயாரா இருக்கிற மனசு! இதான் இளைய தலைமுறை." கைதட்டல் கூரையை முட்டியது. போட்டோகிராபர் ஓடி வந்தார். "கைய எறக்காதம்மா, ஒரு நிமிஷம்." கைதட்டல் முடியுமுன்னே தீர்மானம் நிறைவேறிவிட்டது. அடுத்த பொருள், விளையாட்டு மைதானம்.

அந்தப் படம் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் சுற்றியது. கை தூக்கி நிற்கும் இலக்கியா. 'தன் ஊருக்குப் பேருந்தை உறுதிசெய்த கல்லூரி மாணவி.' அவள் வீடு சேருவதற்குள் நஜியாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"போட்டோ வந்துதுடி."

"அந்தக் கை ஒங்க ஊருக்காகத் தூக்குனது நஜியா. சத்தியமா. மத்தவங்க எல்லாம்…"

"நம்புறேன்டி. நீ அப்பிடி இல்லன்னு எனக்குத் தெரியாதா?" நஜியாவின் குரல் தட்டையாக இருந்தது. "நம்பி என்னா பண்றது, சொல்லு. மாமா நாளைக்கு டிசி வாங்க வர்றாரு. நீ டிபார்ட்மென்ட் பக்கம் நிக்காத. ஏதாச்சும் சொல்லிடுவாரு, ஒனக்குக் கஷ்டமாயிடும்."

மறுநாள் இலக்கியா அங்கேதான் நின்றாள். நாலு வார்த்தை திட்டு வாங்கினால் கொஞ்சம் ஆறும் என்று இருந்தது. சைபுல்லா பதினொரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஹெல்மெட். ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மடித்த கவரோடு வெளியே வந்தவர் அவளை அடையாளம் கண்டு நின்றார்.

"நீதானம்மா அந்த போட்டோல இருக்கிற புள்ள?"

"ஆமா மாமா."

"ஒங்க பேச்சுக்கெல்லாம் மதிப்புக் குடுக்கிறாங்களாமே, கடலூர்ல. நல்லது." அவர் முகத்தில் குத்தலோ கேலியோ ஒரு துளி இல்லை. "அடுத்த தடவ போவசொல்ல எங்க ஊருக்கும் ஒரு வார்த்த சொல்லு. நஜியாவுக்கு இனிமே தேவப்படாது. அவளுக்குக் கீழ எளையது ஒண்ணு படிக்கிது."

"சொல்றேன் மாமா," என்றாள் இலக்கியா. அவர் கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.