கண்டனூர்க் கல்யாணத்துக் காப்பிக்கொட்டை

மதுரை பஸ் கிளம்பப் பத்து நிமிஷம்கூட இல்லை. பூமிநாதனோ சலவைச் சட்டையோடு கரியடுப்பின் மேல் காப்பிக்கொட்டை உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

காரைக்குடியில் மாமனார் மலையாண்டியின் காப்பித்தூள் கடை அது. அவர் காய்ச்சலில் படுத்ததிலிருந்து வறுப்பது மருமகன்தான். உருளை சுற்றும் சோணை அன்று பார்த்து வரவில்லை. கண்டனூர்க் கல்யாண வீட்டார் மத்தியானம் தூளுக்கு வந்து நிற்பார்கள். கடையில் இருந்த கொட்டையெல்லாம் உருளைக்குள். கையை எடுத்தால் கருகிவிடும்.

"இங்குட்டுக் குடுங்க, நான் சுத்துறேன். கிளம்புங்க" என்றாள் மனைவி புஷ்பவள்ளி. "இந்த இன்டர்வியூவும் போனா வயசு தாண்டிரும். கவர்மெண்டு வேலைக்குப் போவீகன்னுதானே எங்கய்யா என்னையக் குடுத்தாரு?"

நியாயம் அவள் பக்கம். "வெடிக்கிற சத்தம் அடங்குனதும் கொட்டிரு புள்ள" என்று பிடியைக் கொடுத்துவிட்டு, எதிரே நின்ற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

வாசனை அங்கேயும் வந்தது. முதலில் இனிப்பாக, பிறகு லேசான காந்தலோடு. எட்டிப் பார்த்தான். புருஷன் பஸ் ஏறிவிட்ட பூரிப்பில், அந்தப் பைத்தியக்காரி வெடிச்சத்தம் அடங்கியதைக்கூடக் கவனிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு உருளையைச் சுற்றினாள்.

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் நகர்ந்தது. ஆயுசுக்கும் எங்கோ ஃபைல் புரட்டிக்கொண்டு, இந்த வாசனை இல்லாமல் இருக்க முடியுமா? முடியாது என்று அந்த நொடியில் தெரிந்துபோயிற்று. பயமாகக்கூட இருந்தது. குதித்துவிட்டான்.

உருளையின் மூடி கொதித்தது. பிடிதுணியைக் காணவில்லை. சட்டையைக் கழற்றி, அதைக் கொண்டே திறந்து தட்டில் கவிழ்த்தான். குபீரென்று புகை. முறத்தால் விசிறி, ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தான். தப்பித்தது, இன்னும் ரெண்டு சுற்று போயிருந்தால் கரிதான்.

"பஸ் போயிருச்சே!" புஷ்பவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சலவைச் சட்டை தீய்ந்து கீழே கிடந்தது.

உள்ளறையிலிருந்து மலையாண்டியின் குரல் வந்தது. "யாரு புள்ள அங்க? மாப்பிள்ளை கிளம்பிட்டாகளா?"

அவள் சொல்ல வேண்டாமென்று தலையாட்டினாள். பூமிநாதன் முறத்தைக் கீழே வைத்தான்.

"இல்ல மாமா. ஏறிட்டு இறங்கிட்டேன். கொட்டை காந்தப் பாத்துச்சு."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து வருகிறார்.

"நாளைக்கும் நாந்தான் வறுப்பேன் மாமா" என்றான் பூமிநாதன்.