எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள் பெரியவள். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“இப்ப எங்க வரான்?”

விடிந்ததிலிருந்து ஐந்தாவது தடவை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள். நீலத் திரையின் நடுவே ஒரு குட்டி விமானம் நின்ற இடத்திலேயே நின்றது.

“தம்பி கடல் மேல வரான்ப்பா. இன்னும் மூணு மணி நேரத்துல எறங்கிடுவான். அங்கேர்ந்து வேற விமானம், நாலு மணி நேரம்.”

“மொத்தம் எவ்வளவு தூரம்?”

“எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்.”

முப்பத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். தூரத்தைச் சொன்னால் கணக்குப் போடாமல் இருக்க மாட்டார். உதடுகள் அசைந்தன.

“ஒரு நாளைக்கு நானூறுன்னு வச்சாக்கூட மூணு வாரத்துக்கு மேல ஆகும். நடுவுல ரெண்டு டயராவது போகும்.”

“சாயங்காலம் வந்துடுவான்ப்பா.”

“அவனைக் கொஞ்சம் தூங்கச் சொல்லு. தூக்கம் கெட்டு ஓட்டக் கூடாது.”

“அவனா ஓட்டறான்? சும்மா உக்காந்துதானே வரான்.”

“உக்காந்து வரவனுக்குத்தான் வழி நீளம்” என்றார். அப்புறம் பேசவில்லை.

பதினோரு மணிக்கு மேல் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, அவள் தோளைத் தொட்டாள். மணி பதினொன்று இருபது.

சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் வரிசையாகச் சொன்னாள். தம்பிக்கு மட்டும் சொல்ல வழியில்லை. இன்னும் நாற்பது நிமிஷத்துக்கு அவனுக்கு மட்டும் அப்பா இருந்தார்.

பன்னிரண்டு தாண்டியதும் போன் அடித்தது.

“அக்கா, எறங்கிட்டேன்.” மூச்சு வாங்கியது. “அடுத்தது கெளம்ப அம்பது நிமிஷம்தான் இருக்கு. கேட் அந்தக் கோடியில. ஓடிக்கிட்டே பேசறேன். இதை விட்டா நாளைக்குத்தான். அப்பாகிட்ட குடேன், ஒரு வார்த்தை பேசிடறேன்.”

‘தூங்கறார்’ என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். வாய் வரைக்கும் வந்தது.

“ஓடாதடா” என்றாள். “மெதுவாப் போ.”

தடதடவென்று கேட்டுக்கொண்டிருந்த காலடிச் சத்தம் தளர்ந்தது. நின்றது. ஏதோ ஒரு பாஷையில் யாரோ விமானத்தின் எண்ணை அறிவித்தார்கள்.

“எப்போ?”

“பதினொண்ணு இருபது. நீ அப்ப மேல இருந்த.”

“என்னைக் கேட்டாரா?”

“காலையிலேர்ந்து அது ஒண்ணைத்தான் கேட்டாரு. எங்க வரான், எங்க வரான்னு.”

விமானத்தின் எண்ணை மறுபடியும் அறிவித்தார்கள். அவள் போனை வைக்கவில்லை.

“தம்பி, நேரமாகுது பாரு. நடந்தே போயிடலாம். போ.”

“சரிக்கா.”

ஆறு மணிக்கு டாக்ஸி வந்து நின்றது. வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. பையை நடையிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்து, முக்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் கைமேல் கையை வைத்துக்கொண்டான்.

விமானத்தில் தூங்குவதற்காகக் கழுத்தில் மாட்டிக்கொண்ட சாம்பல் நிறத் தலையணை அவன் கழுத்திலேயே இருந்தது. அதைக் கழற்றச் சொல்ல மாமா எழுந்தார். வேண்டாம் என்று பெரியவள் தலையசைத்தாள்.