உறுமாத நாய்

சத்தமே வரவில்லை. அதுதான் என்னை இன்னும் போட்டுப் படுத்துகிறது. தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தால்கூட ஒரு சாக்குச் சொல்லலாம். அதை நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். என் மகள் வாண்டு, கீழே படுத்திருந்த மேனேஜரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள். கோத்து நிமிர்வதற்குள் அலறல். கன்னத்தைப் பொத்திய பிஞ்சு விரல்களுக்கிடையே ரத்தம். மேனேஜர் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஐயோ, எங்கள் மேனேஜரா!

மேனேஜர் எங்கள் நாய். வீட்டுக்கு யார் வந்தாலும் மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும் என்று என் வீட்டுக்காரர் கொடுத்த பட்டம் அது. வாண்டுக்கு முன்னால் எங்களுக்குப் பிள்ளையாக இருந்ததும் அதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காயத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். "கண்ணு மயிரிழையில தப்பிச்சிருக்கு" என்றார். "கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமிச்சா?"

"எங்க நாய் உறுமவே உறுமாதுங்க மேடம்" என்றார் என் வீட்டுக்காரர். அந்த நேரத்திலும் மனுஷனுக்குக் குரலில் ஒரு பெருமை. "முன்னாடி பாப்பா கிட்ட போனாலே உர்ருங்கும். 'உஷ்'னு மூக்குல ஒரு தட்டு தட்டித் தட்டியே பழக்கிட்டோம். இப்பல்லாம் பாப்பா 'உஷ்'னாலே போதும், கப்சிப்."

டாக்டரம்மா பஞ்சும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"தள்ளிப் போ, தள்ளிப் போன்னு அது சொல்லிட்டுத்தானே இருந்திருக்கு? அந்த வாயை அடைச்சிட்டீங்க. அப்புறம் அது கடிக்காம என்ன பண்ணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாண்டை 'உஷ்' சொல்லிக் காட்டச் சொல்லி, கைதட்டிச் சிரித்தவள் நான்தானே. பாதுகாப்புக்கு என்று செய்தோமே! அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சமையலறை வாசலில் ஒரு பலகையைக் குறுக்கே அடித்தார். மேனேஜர் உள்ளே, நாங்கள் வெளியே.

"நாளைக்கே எங்கயாவது கொண்டு விட்டுட்டு வரேன்" என்றார்.

"எங்க விடுவீங்க? அங்க ஒரு குழந்தை இருந்தா? இது உறுமாதுன்னு சொல்லிட்டு விடுவீங்களா?"

"அப்ப இங்கயே வச்சுக்கலாங்கிறியா? புள்ள கன்னத்தைப் பாருடி!"

பார்த்தேன்.

அதற்குள் கன்னத்துக் கட்டோடு வாண்டு என் மடியிலிருந்து நழுவிப் பலகையிடம் ஓடினாள். நான் பதறிப்போய்ப் பின்னால் ஓடி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "மேனேஜர், வா!" என்று கையை நீட்டினாள். அது எழுந்தது. உதட்டை நக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தூர மூலைக்கு நடந்தது. தினமும் நடப்பதுதான். அது எழுந்து போகும், இவள் பின்னாலேயே போவாள், மறுபடி எழுந்து போகும், மறுபடி போவாள். "ரெண்டும் கண்ணாமூச்சி ஆடுதுங்க" என்று சொல்லிக்கொண்டு நான் மிஷினை மிதிப்பேன்.

மூலையில் நின்று மேனேஜர் திரும்பிப் பார்த்தது. யாரும் பின்னால் வரவில்லை. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மெல்லப் படுத்து, தலையைத் தரையில் வைத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டுக் கண்ணை மூடியது.